ஏரிக்கரை ஞாயிறு: ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு தண்ணீர் உலா

சாங்கி, லால்பாக், அல்சூர், ஹெசரகட்டா... பெங்களூருவின் தமிழ்ப் பேட்டையிலிருந்து ஒரு டிக்கெட் தூரத்தில் இத்தனை நீர்நிலைகள். சில தப்பிப் பிழைத்தன, சில தவிக்கின்றன, சில காணாமலே போய்விட்டன. ஏன்?

படி இறங்கும்போதே தண்ணீர்ச் சத்தம் காதில் விழுகிறது. மேல்தளத்தில் தெற்கு நோக்கிப் படுத்திருக்கிறது கல் நந்தி. அதன் வாயிலிருந்து இறங்கும் தண்ணீர் கீழே இருக்கும் சிவலிங்கத்தின் உச்சியில் விழுந்து, பக்கவாட்டில் வழிந்து, நடுவிலுள்ள கல்யாணிக் குளத்தில் சேர்கிறது. குளத்துக்குள் மீன்கள். கொஞ்சம் பொறுமையாக நின்றால் ஆமைகளும் தலை நீட்டும். விடுமுறை நாள் என்றால் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் குடும்பங்கள்தான் அதிகம். "அதோ பாரு கண்ணு, ஆமை!" என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் குரல்கள் கலந்து கேட்கும்.

மல்லேஸ்வரத்தில் உள்ள தட்சிணமுக நந்தி தீர்த்தம் இது. பல காலம் மண்மூடிக் கிடந்து, 1997-இல் தோண்டி எடுக்கப்பட்டது. எதிரே காடு மல்லேஸ்வரர் கோயில். சிவாஜியின் தம்பி ஏகோஜியோடு தொடர்புடைய அந்தக் கோயிலைப் பற்றி 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று பேசுகிறது. பிறகு தஞ்சாவூரில் மராட்டிய அரசை நிறுவியவர் இதே ஏகோஜிதான்.

நந்தியின் வாயில் வரும் இந்த ஊற்று விருஷபாவதி ஆற்றின் பிறப்பிடங்களில் ஒன்று என்பது மல்லேஸ்வரத்துக்காரர்களின் நம்பிக்கை. இன்னொரு பிறப்பிடமாகச் சொல்லப்படுவது பசவனகுடி பெரிய நந்தி கோயில். இங்கிருந்து ஆட்டோ பிடித்து ரயில் பாதையைத் தாண்டினால் ஸ்ரீராம்புரம். அங்கே அதே விருஷபாவதிப் பள்ளத்தாக்கின் ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாயில் ஓடுவது கறுப்புத் தண்ணீர். பிள்ளைக்கு ஆமை காட்டிய அதே அம்மா, வீட்டுக்குத் திரும்பும் வழியில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்.

பெங்களூருவின் ஏரிகளைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் யாரும் இந்த இரண்டையும் சேர்த்தே பார்த்தாக வேண்டும். கரையில் எத்தனை பூச்செடி வைத்தாலும், எத்தனை பெஞ்ச் போட்டாலும், ஓர் ஏரி பிழைக்குமா சாகுமா என்பதைத் தீர்மானிப்பது அதற்குள் வந்து விழும் கால்வாய்தான்.

ஏரி வேலையை இழந்த கதை

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து மில் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்த குடும்பங்கள் ஊன்றிய பேட்டைகளில் ஒன்று ஸ்ரீராம்புரம். ராஜா மில், பின்னி மில், மினர்வா மில் என்று சுற்றுவட்டாரத்தில் சங்கு ஒலித்த காலம் அது. மில்கள் போய்விட்டன. 2014 மார்ச் 1-ஆம் தேதி பச்சைத் தடத்தில் மெட்ரோ வந்தது. ஸ்ரீராம்புரம் பெயரில் ஒரு நிலையமும் வந்தது.

காணாமல் போனது ஓர் ஏரி. ஸ்ரீராம்புரத்துக்கும் சேஷாத்ரிபுரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் இருந்த ஜக்கராயன கெரே இன்று வெறும் மைதானம். கொஞ்சம் தெற்கே, நகரத்தை நிறுவிய கெம்பே கவுடா காலத்துத் தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் மெஜஸ்டிக் பேருந்து நிலையம். சேலத்துக்கும் வேலூருக்கும் பஸ் ஏற மூட்டை முடிச்சோடு ஓடும் யாருக்கும், தாங்கள் ஓடுவது ஓர் ஏரியின் மடியில் என்பது தெரியாது.

ஏரிகளுக்கு ஏன் இந்தக் கதி? பெங்களூருவில் வற்றாத ஆறு கிடையாது. மேட்டு நிலத்தில் பெய்யும் மழையைப் பள்ளத்தாக்குகளில் மறித்து, ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும்படி ஏரிகளைச் சங்கிலியாகக் கட்டித்தான் ஊர் குடித்தது, விளைவித்தது. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் அர்க்காவதி ஆற்றை ஹெசரகட்டாவில் மறித்து நீர்த்தேக்கம் கட்டினார்கள். 1896-இல் குழாய் வழியே தண்ணீர் நகருக்கு வந்தது. தண்ணீர் தொலைவிலிருந்து வரத் தொடங்கியதும் ஊருக்குள் இருந்த ஏரி யாருக்கும் தேவைப்படாத நிலமாயிற்று. தேவைப்படாத நிலத்தை நகரம் விட்டுவைக்கவில்லை.

┌ பெட்டிச் செய்தி: அன்று ஏரி... இன்று?
• தர்மாம்புதி – கெம்பேகவுடா (மெஜஸ்டிக்) பேருந்து நிலையம்
• சம்பங்கி – கண்டீரவா விளையாட்டரங்கம்
• சூளே கெரே – கால்பந்து மைதானம்
• அக்கித்திம்மனஹள்ளி – ஹாக்கி மைதானம்
• சல்லகட்டா – கோல்ஃப் மைதானம்
• கோரமங்கலா – 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய குடியிருப்பு
• ஜக்கராயன கெரே – மைதானம் └

நடந்து போகும் தூரத்தில் சாங்கி

தப்பிப் பிழைத்தவற்றில் ஸ்ரீராம்புரத்துக்கு மிக அருகில் இருப்பது சாங்கி ஏரி. நந்தி தீர்த்தத்தைப் பார்த்துவிட்டு மல்லேஸ்வரம் 18-வது கிராஸ் வழியாகப் பேசிக்கொண்டே நடந்தால் வந்துவிடும். 1870-களின் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, தண்ணீர்த் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1882-இல் உருவானது. கப்பன் பூங்காவை அமைத்த ராணுவப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கியின் பெயரே நிலைத்துவிட்டது. அரசு சந்தனக் கிடங்கு பக்கத்தில் இருந்ததால் கன்னடத்தில் கந்தத கோட்டி கெரே என்றும் சொல்வதுண்டு.

பரப்பு ஏறக்குறைய 37 ஏக்கர்தான். ஆனால் காலை ஆறு மணிக்கு வந்து பார்த்தால் அதன் அருமை புரியும். நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையில் நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். கரையோரம் கொக்குகள் ஒற்றைக்காலில் நிற்கும். நடைபாதையில் ஓய்வுபெற்றவர்கள் வேகநடை போட, எதிர்ப்பக்கம் பள்ளி விடுமுறைப் பிள்ளைகள் ஓடிவருவார்கள். விநாயகர் சதுர்த்தி சமயத்தில் சிலைகளைக் கரைக்க ஏரியை ஒட்டித் தனிக் குளம் இருக்கிறது. பிரதான நீர் ஓரளவு காப்பாற்றப்படுகிறது.

இந்த ஏரிக்கும் ஆபத்து வராமல் இல்லை. பக்கத்துச் சாலையை அகலப்படுத்தி மேம்பாலம் கட்டும் திட்டத்தை எதிர்த்து 2023 பிப்ரவரியில் மக்கள் கரையோரமாக ஊர்வலம் போனார்கள். காலையில் நடக்க வருபவர்களும் அதில் இருந்தார்கள். தினமும் காலால் அளந்த ஏரியை அவர்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

ஆறாவது நிறுத்தம் லால்பாக்

ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறினால் மாறத் தேவையில்லை. சம்பிகே ரோடு, மெஜஸ்டிக், சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட், நேஷனல் காலேஜ், அடுத்தது லால்பாக். 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் இன்று 240 ஏக்கர். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் மலர்க் கண்காட்சி நடக்கும் கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அடிக்கல் நாட்டினார்கள். கூட்டம் அங்கேதான் மொய்க்கும்.

ஆனால் லால்பாக்கின் ஆகப் பழைய காட்சிக்கு யாரும் தண்ணீர் ஊற்றி வளர்க்கவில்லை. வாசலருகே எழும் பாறைக் குன்றுக்கு வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள். தேசிய புவியியல் நினைவுச் சின்னம் என்று அறிவிக்கப்பட்ட அந்தப் பாறையின் உச்சியில் கெம்பே கவுடா கோபுரம் நிற்கிறது. வெறுங்காலோடு ஏறினால் வெயிலுக்கு முந்தைய குளிர்ச்சி உள்ளங்காலில் தெரியும். மேலிருந்து பார்த்தால் நான்கு பக்கமும் நகரம் விரியும். தோட்டத்தின் தென்பகுதியில் ஏரி. கூட்டத்திலிருந்து விலகி உட்கார விரும்புபவர்கள் அங்கே போய்விடுவார்கள்.

அல்சூர்: வள்ளுவர் பார்த்திருக்கும் கரை

மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்துக்கு மாறி ஹலசூரு நிலையத்தில் இறங்கினால் அல்சூர். ஏரியின் பரப்பு சுமார் 120 ஏக்கர், நடுவே மரம் அடர்ந்த தீவுகள். பக்கத்திலேயே மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் ராணுவப் பொறியாளர் படையின் தலைமையகம். அந்தப் படையோடும் கண்டோன்மென்ட்டோடும் வந்த தமிழர்கள் வேர்விட்ட பகுதி இது. பழமையான சோமேஸ்வரர் கோயில் நடைதூரத்தில். 1950-இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் இந்தப் பக்கம்தான்.

ஏரிக்கு அருகே நிற்கும் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, எடியூரப்பா முதல்வராக இருந்தபோது, கருணாநிதி வந்து திறந்துவைத்தார். சில நாள்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. ஸ்ரீராம்புரத்துப் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளை இங்கே அழைத்து வந்து வள்ளுவர் முன் நிறுத்திப் படம் எடுப்பது வழக்கமான காட்சி.

இதே ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் சேரச் சேரத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. கோடையில் வெப்பம் ஏறும்போது மீன்களால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. கரையில் வேலியும் விளக்கும் இருந்தும், கால்வாய் கொண்டுவந்ததை அவை தடுக்கவில்லை.

┌ பெட்டிச் செய்தி: ஒரு நாள், ஒரு வழி
• காலை: காடு மல்லேஸ்வரர் கோயில், நந்தி தீர்த்தம், சாங்கி ஏரி. முழுக்க நடைதான்.
• அரை நாள்: ஸ்ரீராம்புரம் – லால்பாக், மெட்ரோ மாறாமல். பாறையில் ஏறுவதானால் வெயிலுக்கு முன்.
• மாலை: மெஜஸ்டிக் வழியாக அல்சூர் ஏரிக்கரை, வள்ளுவர் சிலை, சோமேஸ்வரர் கோயில்.
• முழு நாள்: வடமேற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில் ஹெசரகட்டா. பஸ்ஸிலோ வண்டியிலோ போகலாம். தொப்பியும் குடிதண்ணீரும் அவசியம்.
• கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் சாதாரணப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. └

புல்வெளியே காட்சியான ஹெசரகட்டா

நகரத்துக்கு முதலில் குழாய்த் தண்ணீர் தந்த ஹெசரகட்டா பல ஆண்டுகள் வற்றிக் கிடந்தது. 2022-இன் பெருமழையில் நீண்ட காலத்துக்குப் பிறகு தண்ணீரைப் பார்த்தது. ஆனால் இங்கே பறவை ஆர்வலர்கள் தேடி வருவது ஏரியைச் சுற்றியுள்ள புல்வெளியைத்தான். குளிர்காலத்தில் வலசை வரும் பூனைப்பருந்துகள் புல்லுக்கு மேலே தாழப் பறந்து இரை தேடும். மரம் இல்லாத நிலத்தைத் தரிசு என்று நினைத்துக் கட்டடம் கட்டக் கிளம்பும் மனோபாவத்தை எதிர்த்து ஆர்வலர்கள் பல ஆண்டு போராடினார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பைப் பாதுகாப்புப் பகுதியாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் தந்தது. 1990-இல் புரோதிமா கௌரி பேடி தொடங்கிய நிருத்யகிராம் என்ற நடனக் கிராமமும் இந்தப் பக்கம்தான்.

புல்வெளி மழைநீரை உறிஞ்சி ஏரிக்கு மெல்லக் கசியவிடும். அதை இழந்தால் ஏரியையும் இழப்போம் என்பதுதான் ஆர்வலர்களின் வாதம்.

நுரை தாண்டிய எல்லை

உல்லாச உலா இத்தோடு முடியலாம். தண்ணீரின் பயணம் முடிவதில்லை.

ஸ்ரீராம்புரத்து ராஜகாலுவே விருஷபாவதியில் சேர்கிறது. மைசூர் ரோடு ஓரமாக நாற்றத்தோடு ஓடி, பிடதி அருகே பைரமங்கலா ஏரியில் விழுகிறது. அந்தத் தண்ணீரில் சுற்றுவட்டார விவசாயம் நடக்கிறது. அங்கிருந்து அர்க்காவதி. கனகபுரத்துக்குத் தெற்கே, சங்கமத்தில், காவிரி. அதற்குப் பிறகு மேட்டூர். ஸ்ரீராம்புரத்துச் சாக்கடையில் கொட்டுவதில் ஒரு பங்கு டெல்டாவுக்குப் போகும் ஆற்றில் கலக்கிறது. காவிரித் தண்ணீர் எத்தனை டி.எம்.சி. என்று இரு மாநிலமும் ஆண்டுதோறும் கணக்குப் பார்க்கின்றன. அது எப்படிப்பட்ட தண்ணீர் என்ற கேள்வி அந்த அளவுக்கு எழுவதில்லை.

கிழக்குப் பக்கம் இன்னும் மோசம். சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரியில் 2015-இல் நுரை பொங்கிச் சாலைக்கு வந்தது, நெருப்பும் பிடித்தது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் மறுபடி தீ. அணைக்க ராணுவத்தினர் இறங்க வேண்டியிருந்தது. 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பெல்லந்தூர்த் தண்ணீர் வர்த்தூர் ஏரிக்குப் போகிறது, வர்த்தூரிலிருந்து தென்பெண்ணைக்கு. தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் அது தேங்கும் முதல் இடம் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை. மதகு திறக்கும்போது அங்கே மலைபோல் நுரை எழும்பும் படங்கள் மழைக்காலம்தோறும் செய்தித்தாள்களில் வருகின்றன. பெங்களூரு வீடுகளின் சோப்புத் தண்ணீர் ஓசூர் விவசாயியின் வயலுக்குப் போய்ச் சேருகிறது.

மூடிய ஏரிகளும் பழி தீர்க்கின்றன. 2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலை மூழ்கி, கணினி நிறுவன ஊழியர்கள் டிராக்டரில் அலுவலகம் போனார்கள். ஏரியும் ராஜகாலுவேயும் இருந்த இடத்தில் கட்டடம் நின்றால், மழைநீர் தன் பழைய இடத்தைத் தேடி வரத்தான் செய்யும்.

சுவிஸ் ஏரியும் ஒருநாள் நுரைத்தது

நம் சினிமா டூயட்களில் வரும் சுவிட்சர்லாந்து ஏரிகளைப் பார்த்து ஏங்காதவர் இல்லை. பனிமலை, படகு, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும் தண்ணீர். ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த பல்லாயிரம் தமிழர்கள் இன்று அந்த ஏரிக்கரை ஊர்களில் வாழ்கிறார்கள், கோடையில் பிள்ளைகளோடு இறங்கி நீந்துகிறார்கள்.

அந்தத் தெளிவு பனிமலை தந்த வரம் மட்டுமல்ல. 1960-களில் சுவிஸ் ஏரிகளிலும் ஆறுகளிலும் நுரை மிதந்தது, பாசி மண்டியது, சில இடங்களில் குளிக்கத் தடை இருந்தது. 1965-இல் அந்நாட்டு மக்களில் 14 சதவீதம் பேரின் வீட்டுக் கழிவுநீர்தான் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. சட்டத்தைக் கடுமையாக்கினார்கள், ஊர் ஊராகக் குழாய் பதித்தார்கள். 1986-இல் துணி துவைக்கும் சோப்புத்தூளில் பாஸ்பேட்டைத் தடை செய்தார்கள். இன்று 97 சதவீதத்துக்கு மேற்பட்டோரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படுகிறது. சுற்றுலாப் பயணி கண்ணில் படாத அந்தக் குழாய்களில்தான் சுவிஸ் சுற்றுலாவின் முதலீடு இருக்கிறது.

பெங்களூருவுக்கும் இது கைக்கெட்டாததல்ல. ஜக்கூர் ஏரிக்குச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் தண்ணீர், நாணலும் சம்பும் வளர்ந்த சதுப்பு வழியாக இன்னொரு முறை வடிந்துதான் சேர்கிறது. அங்கே மீனவர்கள் வலை வீசுகிறார்கள், கூழைக்கடாக்கள் இறங்குகின்றன. சர்ஜாபூர் சாலையில் கைகொண்டரஹள்ளி ஏரியையும் ஜே.பி. நகர் பக்கம் புட்டேனஹள்ளி ஏரியையும் குடியிருப்பவர்கள் மாநகராட்சியோடு சேர்ந்து மீட்டார்கள். 2018-இலிருந்து பெங்களூருவின் சுத்திகரித்த நீர் கோலார் மாவட்டத்து வறண்ட ஏரிகளுக்குக் குழாயில் போகிறது.

கரை யாருக்கு?

சுத்தமானால் மட்டும் போதாது. 2000-களில் ஹெப்பால் உட்பட சில ஏரிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். நுழைவுக் கட்டணம், உணவகம், கேளிக்கை என்று ஏரி வேறொன்றாக மாறும் என அஞ்சிய சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று 2008-இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மீன் பிடிப்பவர், மாடு மேய்ப்பவர், கீரை பறிப்பவர், துணி வெளுப்பவர் எல்லோருக்கும் கரையில் பங்கு உண்டு என்பது அந்த வழக்கின் சாரம்.

கட்டணம் என்ற கேள்வி ஸ்ரீராம்புரத்தைத்தான் முதலில் தொடும். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும் குடும்பத்துக்கு ஏரிக்கரைதான் வாசல், திண்ணை, தோட்டம். 2025 பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் போய்வர எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டு லால்பாக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கும் வீடுகள் உண்டு. நடந்து போகும் தூரத்தில், காசில்லாமல் உட்கார ஒரு நீர்க்கரை வேண்டும் என்பது அவர்களுக்கு ஆடம்பரம் இல்லை.

அதற்கு ஒரு முன்மாதிரி கண்டீரவா விளையாட்டரங்கத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. சம்பங்கி ஏரி முழுவதும் போன பிறகும் ஒரு சிறு குளத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். காரணம், பெங்களூரு கரகம். ஒரு காலத்தில் இந்த ஏரித் தண்ணீரில் காய்கறியும் பூவும் விளைவித்த திகளர் சமூகத்தின் திருவிழா அது. சடங்குக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒரு சமூகம் உறுதியாக நின்றதால் நகரத்தின் நடுவே ஒரு குளம் மிஞ்சியது.

ஜக்கராயன கெரே மைதானத்தின் ஒரு மூலையில் அப்படி ஒரு மழைநீர்க் குளம் கேட்க ஸ்ரீராம்புரத்துக்கும் உரிமை இருக்கிறது. கூடவே, வீட்டுக் கழிவுநீர்க் குழாய் ராஜகாலுவேயில் கலக்காமல் தனியே போக வேண்டும் என்று கேட்கவும். 2025 செப்டம்பரில் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டது. தேர்தல் வரும், வேட்பாளர்கள் வீடு தேடி வருவார்கள். அவர்களை ராஜகாலுவே ஓரமாகவே நிறுத்தி இந்த இரண்டையும் கேட்டு, எந்த ஆண்டுக்குள் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.